இலகுரக ஸ்போர்ட்ஸ் காரில் பின் பிரேக்கை மேம்படுத்துவது எப்படி?

பெரிய டிஸ்க், அதைப் பேடுகளால் கவ்விப் பிடிக்கும் நான்கு பிஸ்டன் காலிப்பர், அதன் மேல் பளிச்சென்று சிவப்பு வண்ணம். அலாய் சக்கரத்தின் இடைவெளியில் அது எட்டிப் பார்ப்பது அழகுதான். ஆனால் ஆயிரம் கிலோவைச் சுற்றி எடையுள்ள இரண்டு இருக்கைக் காரில், கணக்குப் பார்க்காமல் பின் பிரேக்கைப் பெரிதாக்குவது வண்டியைப் பம்பரமாகச் சுழலவிடும் குறுக்குவழி. முன் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டால், அதாவது சுழல்வது நின்று வழுக்கத் தொடங்கினால், கார் திரும்ப மறுத்து நேராக வழுக்கும். காலைச் சற்றுத் தளர்த்தினால் பிடி திரும்பிவிடும். பின் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டாலோ வண்டியின் வால் தலையை முந்தப் பார்க்கும். அதைத் திருத்த ஓட்டுநருக்குக் கிடைப்பது ஒரு நொடிகூட இல்லை.

ஆகவே இந்த வேலையில் அடைய வேண்டிய நிலை ஒன்றே ஒன்று: முன் சக்கரம் பூட்டும் எல்லையைத் தொடும்போது பின் சக்கரம் அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். மிகக் கீழே இருந்தால் பின் டயரின் பிடி வீணாகிறது. மேலே போனால் ஆபத்து. கீழே சொல்லப்போகும் எல்லாம் இந்த இடைவெளியைக் காப்பாற்றுவதற்கான வழிகள்தாம்.

முதலில் தாளும் பேனாவும்

பிரேக் பிடித்தால் வண்டியின் எடை முன்னோக்கிச் சாய்கிறது. எவ்வளவு சாய்கிறது என்பதை வீட்டிலேயே கணக்கிடலாம். வண்டியின் எடையை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் பெருக்கி, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரத்தால் வகுக்க வேண்டும். 1 ஜி அளவுக்கு, அதாவது நொடிக்குச் சுமார் 35 கி.மீ. வீதம் வேகம் குறையும்போது, அத்தனை கிலோ பின்னிருந்து முன்னுக்குப் போகும்.

முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 காரை எடுத்துக்கொள்வோம். ஓட்டுநரோடு 1000 கிலோ, எடை முன்னும் பின்னும் ஏறக்குறையச் சரிபாதி, அச்சிடைத் தூரம் 2265 மி.மீ. ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 46 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால் 200 கிலோ முன்னே நகரும். முன்னால் 700, பின்னால் 300. அப்படியானால் பின் பிரேக் செய்ய வேண்டிய வேலை மொத்தத்தில் 30 சதவீதம்தான். எஞ்சின் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் லோட்டஸ் எலிஸ் போன்ற நடு எஞ்சின் காரில் கதை வேறு. அங்கே எடையில் 60 சதவீதத்துக்கு மேல் பின்னால்தான். அதே கணக்கைப் போட்டால் பின் பிரேக்கின் பங்கு 40 சதவீதத்தைத் தாண்டும். ஒருவர் எலிஸில் செய்து நல்ல பலன் கண்ட மாற்றத்தை இன்னொருவர் எம்எக்ஸ்-5 காரில் அப்படியே செய்தால் அடி வாங்குவார்.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. நல்ல பிடியுள்ள பந்தயத்தள டயர் போட்டால் கார் 1.2 ஜி வரை வேகம் குறைக்கும். எடை இன்னும் அதிகமாக முன்னே சாயும். பின் சக்கரத்தின் பங்கு 30 சதவீதத்திலிருந்து 26 சதவீதத்துக்கு வந்துவிடும். டயரை உயர்த்தியவருக்குப் பின் பிரேக்கின் பங்கு குறைய வேண்டுமே தவிர, கூடக் கூடாது.

அடுத்து, பிரேக்கின் பிடி எவ்வளவு கூடப்போகிறது என்று பாருங்கள். பிஸ்டன் விட்டத்தின் வர்க்கம், டிஸ்க்கின் செயல் ஆரம், பேடின் உராய்வு எண். இந்த மூன்றின் பெருக்கல்தான் பிடி. செயல் ஆரம் என்பது டிஸ்க்கின் மையத்திலிருந்து பேடின் நடுப்பகுதி வரை உள்ள தூரம். உதாரணத்துக்கு, பின் பிஸ்டன் 32 மி.மீ. இருந்த இடத்தில் 36 வருகிறது என்று வையுங்கள். நான்கே மில்லிமீட்டர்தான் என்று தோன்றும்; பரப்பில் அது 27 சதவீதம் அதிகம். செயல் ஆரமும் 96 மி.மீ.யிலிருந்து 106 ஆனால் மேலும் 10 சதவீதம். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 40 சதவீதம் கூடுதல் பிடி. முன் பிரேக்கைத் தொடாமல் பின்னால் மட்டும் இத்தனை ஏற்றினால் பலமாகப் பிரேக் பிடிக்கும்போது என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

உண்மையிலேயே தேவையா?

முன் பிரேக்கை ஏற்கெனவே பெரிதாக்கிவிட்டீர்கள், இப்போது பின் பிரேக் பேருக்குத்தான் இருக்கிறது என்றால் தேவை. நடு எஞ்சின் கார், பந்தயத்தளத்தில் ஓட்டுகிறீர்கள், பின் டிஸ்க் நீலம் பாரித்துப்போகிறது, பேட் விளிம்பு உதிர்கிறது என்றாலும் தேவை. பின்னால் டிரம் பிரேக் உள்ள பழைய வண்டியை டிஸ்க்குக்கு மாற்றுவது மூன்றாவது காரணம்.

மற்றவர்களுக்கு என் ஆலோசனை: நல்ல பேட், புதிய பிரேக் திரவம், புதிய ஹோஸ். இந்த மூன்றையும் மாற்றிவிட்டு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள் என்பது என் கணிப்பு. 1000 கிலோ காரை மணிக்கு 160 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்தினால் ஏறக்குறைய 990 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாகிறது. அதில் 30 சதவீதம் பின்னால் போனால், நான்கு கிலோ எடையுள்ள ஒவ்வொரு பின் டிஸ்க்கும் ஒரு நிறுத்தத்தில் சுமார் 80 டிகிரி சூடேறும். சாலையில் இது ஒன்றுமே இல்லை. 1996இல் வந்த முதல் எலிஸில் இரும்பு டிஸ்க்குக்குப் பதிலாக அலுமினியக் கலப்புப் பொருளில் செய்த டிஸ்க்கையே வைக்க முடிந்தது என்றால், எடை குறைந்த கார் பிரேக்கிடம் எவ்வளவு குறைவாகக் கேட்கிறது என்று புரியும். பின்னாளில் எலிஸும் வார்ப்பிரும்புக்கு மாறிவிட்டது, அது வேறு கதை.

எதை வாங்குவது?

உங்கள் காரின் அதே குடும்பத்தில் பின்னால் வந்த, பலம் கூடிய மாடலின் பாகங்கள்தான் சிறந்த தொடக்கம். தயாரிப்பாளரே முன் பின் விகிதத்தைச் சோதித்து வைத்திருப்பார். 1.6 லிட்டர் எம்எக்ஸ்-5 காரில் முன் டிஸ்க் 235, பின் டிஸ்க் 231 மி.மீ. 1.8 லிட்டர் மாடலில் அவை 255, 251 ஆயின. முன்னும் பின்னும் ஒரே அளவுக்கு ஏறியிருப்பதைக் கவனியுங்கள். அந்தத் தொகுப்பை முழுதாக எடுத்துக்கொள்பவருக்குக் கணக்குப் போடும் வேலையே இல்லை. பின்பக்கத்தை மட்டும் பிய்த்து எடுத்துக்கொள்பவருக்குத்தான் தலைவலி.

டிஸ்க், காலிப்பர், அதைத் தாங்கும் பிராக்கெட், பேட் நான்கையும் ஒரே இடத்தில், ஒரே மாடலுக்கு உரியவையாக வாங்குங்கள். பிராக்கெட் இல்லாமல் காலிப்பரை மட்டும் வாங்கி வந்து, டிஸ்க் உள்ளே நுழையாமல் விழித்தவர்கள் ஏராளம். சக்கரத்துக்குள் புதிய காலிப்பர் அடங்குமா என்பதையும் முன்கூட்டியே பாருங்கள். காலிப்பரின் வடிவத்தை அட்டையில் வெட்டி, கழற்றிய சக்கரத்தின் உள்ளே வைத்துச் சுற்றிப் பார்த்தால் போதும். சக்கரச் சமநிலைக்காக உள்ளே ஒட்டும் எடைத் துண்டுகள் காலிப்பரில் உரசாமல் இருக்கவும் இடம் விடுங்கள்.

துளையிட்ட டிஸ்க் வேண்டாம் என்பேன். கடுமையாகச் சூடேறினால் துளையின் ஓரத்தில்தான் முதல் விரிசல் விழும். பின் சக்கரத்துக்குச் சாதாரணக் கெட்டி டிஸ்க்கே பெரும்பாலான இலகுரகக் கார்களில் தாராளம். காற்றோட்ட இடைவெளி உள்ள டிஸ்க் எடையைத்தான் கூட்டும். பேடைப் பொறுத்தவரை, முன்னும் பின்னும் ஒரே கலவையில் தொடங்குங்கள். முன்னால் சூடேறினால்தான் பிடிக்கும் பந்தயப் பேடும், பின்னால் குளிரிலேயே கவ்வும் சாலைப் பேடும் இருந்தால், காலையில் வண்டியை எடுத்த முதல் ஐந்து நிமிடம் பின் சக்கரம்தான் முதலில் பூட்டும்.

கைபிரேக்கை மறந்துவிடாதீர்கள். அந்த அழகான நான்கு பிஸ்டன் காலிப்பரில் பெரும்பாலும் கைபிரேக்குக்கு இடமே இருக்காது. அதற்குத் தனியாக ஒரு சிறிய இயந்திரக் காலிப்பர் பொருத்த வேண்டியிருக்கும். எடை, செலவு, கேபிள் வேலை எல்லாம் கூடும். திரவ அழுத்தத்தால் பிடிக்கும் ஹைட்ராலிக் கைபிரேக் இதற்கு மாற்று ஆகாது. நிறுத்திவைக்கும் பிரேக் முழுக்க இயந்திர வழியாகவே பிடித்து நிற்க வேண்டும் என்று ஐ.நா. வாகன விதி 13-எச் கேட்கிறது. வண்டியை மலைச்சரிவில் இரவு முழுவதும் நிறுத்திப் பார்த்தவருக்கு விதி சொல்லாமலே காரணம் தெரியும். அதனால்தான் கைபிரேக் உள்ளடங்கிய, ஒற்றைப் பிஸ்டன் நகரும் காலிப்பரைப் புதியவர்களுக்குப் பரிந்துரைக்கிறேன். பார்வைக்குச் சுமார், வேலைக்குக் கச்சிதம்.

வேலையைத் தொடங்கும்போது

முந்தைய நாளே காலிப்பரின் காற்று வெளியேற்றும் நிப்பிளிலும், பிரேக் குழாயின் நட்டிலும் துரு இளக்கும் எண்ணெயை விட்டுவையுங்கள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, முன் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, கைபிரேக்கை விடுவித்து, பின்பக்கத்தைத் தூக்கி ஜாக் ஸ்டாண்டில் உட்காரவையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே கையை நீட்டாதீர்கள். இதைச் சொல்லாமல் விட முடியாது.

சக்கரத்தைக் கழற்றியதும் கைபிரேக் கேபிளின் சரிசெய்யும் நட்டை முழுவதும் தளர்த்துங்கள். பிறகு, காலிப்பர் அதன் இடத்திலேயே இறுக்கமாக இருக்கும்போதே ஹோஸ் போல்ட்டைச் சற்று இளக்கிவையுங்கள். காலிப்பரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் போல்ட்டோடு மல்லுக்கட்டுவது வீண். உலோகக் குழாயின் நட்டுக்குச் சாதாரண ஸ்பேனர் கூடாது, முனை மழுங்கிவிடும். குழாயை நுழைக்க வாய் பிளந்திருக்கும், நட்டை ஏறக்குறைய முழுதாகக் கவ்வும் ஸ்பேனர் ஒன்று கிடைக்கிறது, அதை வாங்கிவிடுங்கள்.

காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாதீர்கள்; கம்பியால் சஸ்பென்ஷனில் கட்டுங்கள். பிராக்கெட் போல்ட் இரண்டையும் எடுத்தால் டிஸ்க் வெளியே வர வேண்டும். வராது. துரு பிடித்து ஒட்டியிருக்கும். பல டிஸ்க்குகளில் எம்8 அளவுத் திருகு துளைகள் இரண்டு இருக்கும். அவற்றில் போல்ட்டை மாற்றி மாற்றி முடுக்கினால் டிஸ்க் தானே தள்ளிக்கொண்டு வெளியே வரும். சுத்தியல் கடைசி வழி. பழைய பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், பழைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள்.

இனி, ஆர்வக்கோளாறில் எல்லோரும் தாண்டிப்போகும் படி. டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தை கம்பித் தூரிகையால் பளபளவென்று தேயுங்கள். அங்கே விடப்படும் 0.05 மி.மீ. துருப் பொருக்கு, டிஸ்க்கின் வெளி விளிம்பில் ஏறக்குறைய இரட்டிப்பு ஆட்டமாகும். சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து அது டிஸ்க்கின் கனத்தை அங்கங்கே தேய்த்து, பெடல் காலுக்குக் கீழே துடிக்கத் தொடங்கும். ‘டிஸ்க் வளைந்துவிட்டது’ என்று அப்போது குறை சொல்வார்கள். டிஸ்க் வளையவில்லை, பொருத்திய கை அவசரப்பட்டது. நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் இருந்தால் டிஸ்க்கை நட்டுகளால் இறுக்கிச் சுற்றிப் பாருங்கள். 0.1 மி.மீ.க்கு மேல் ஆடினால் டிஸ்க்கைக் கழற்றி, ஒரு துளை தள்ளிப் பொருத்தி மீண்டும் அளந்து பாருங்கள்.

புதிய டிஸ்க்கின் மேலுள்ள பாதுகாப்பு எண்ணெயைக் கிளீனரால் போக்கி, பிராக்கெட்டை, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் உங்கள் வண்டியின் பணிமனைக் கையேடு சொல்லும் அளவுக்கு முடுக்குங்கள். காலிப்பர் வழுக்கி நகரும் ஊசிகளுக்கு ரப்பரைக் கெடுக்காத சிலிகான் கிரீஸ் மட்டும்தான். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்து, அந்த ஊசி சிக்கிக்கொள்ளும்.

பின் காலிப்பர் பிஸ்டனை முன் காலிப்பர் போலக் கிளாம்பு வைத்து அமுக்காதீர்கள். கைபிரேக் பொறிமுறை உள்ளே இருப்பதால் பல வண்டிகளில் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். அமுக்கினால் பொறிமுறை நொறுங்கும். எம்எக்ஸ்-5 காரில் இதற்கு வேறு ஏற்பாடு. காலிப்பரின் பின்புறம் உள்ள 14 மி.மீ. போல்ட்டைக் கழற்றினால் உள்ளே அலன் ஸ்குரூ தெரியும். இடப்புறம் சுற்றினால் பிஸ்டன் உள்ளே போகும். பேடைப் பொருத்தியபின் டிஸ்க் நிற்கும் வரை வலப்புறம் சுற்றி, பிறகு மூன்றில் ஒரு சுற்றுப் பின்வாங்க வேண்டும். அந்தச் சிறிய இடைவெளிதான் கைபிரேக் சரியாகப் பிடிப்பதற்கு அடிப்படை. கேபிளை இழுத்து இறுக்கி இந்தக் குறையை மறைக்கப் பார்ப்பவர்கள், டிஸ்க் எந்நேரமும் உரசிச் சூடாகும் வண்டியை ஓட்டுவார்கள்.

ஹோஸ் இணைப்பில் இருபுறமும் புதிய செப்பு வாஷர் போடுங்கள். எஃகு வலை ஹோஸ் மாற்றுகிறீர்கள் என்றால், சஸ்பென்ஷன் முழுக்கத் தொங்கும் நிலையிலும், ஜாக்கால் முழுக்க மேலே தூக்கிய நிலையிலும் அது எதிலும் உரசுகிறதா, இழுபடுகிறதா என்று பாருங்கள். எஃகு வலை, தான் தொடும் எதையும் அரம்போல அறுத்துவிடும்.

காற்று எடுப்பது

நம் ஊர்வழக்கில் பிரேக் ஆயில் என்று சொன்னாலும் அது எண்ணெய் அல்ல; கிளைக்கால் கலவை. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், வண்டியின் வண்ணத்தை உரித்துவிடும். டாட் 4 வகைக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி. ஈரம் சேர்ந்தபின் 155. டாட் 5.1 என்றால் 260, 180. இடையில் வரும் டாட் 5 சிலிகான் வகை, மற்றவற்றோடு கலக்கவே கூடாது. பெயர் ஒற்றுமையைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

குழாய்க்குள் புகுந்த காற்றை எடுக்கும் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். நிப்பிளில் தெளிவான குழாயை மாட்டி, மறுமுனையைத் திரவம் உள்ள பாட்டிலில் மூழ்கவிடுங்கள். உள்ளே இருப்பவர் பெடலை மெதுவாக அழுத்திப் பிடிக்க, நீங்கள் நிப்பிளைத் திறந்து, குமிழ் போனதும் மூட வேண்டும். மூடியபிறகுதான் அவர் காலை எடுக்கலாம். நான்கைந்து முறைக்கு ஒருதரம் மேலே தொட்டியைப் பாருங்கள். அது வற்றினால், பெடல் அழுத்தத்தைத் திரவத்துக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டருக்குள் காற்று போய், வேலை முதலிலிருந்து தொடங்கும். சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டியில் இன்னும் மோசம்.

என் முதல் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மாலை முழுவதும் காற்று எடுத்தேன். ஒரு லிட்டர் திரவம் தீர்ந்தது. பெடல் மட்டும் பஞ்சு மெத்தையாகவே அமுங்கியது. மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகித்தேன், ஹோஸைச் சந்தேகித்தேன். மறுநாள் வெளிச்சத்தில் பார்த்தால், இடப்பக்கக் காலிப்பரை வலப்பக்கம் மாட்டியிருக்கிறேன். நிப்பிள் கீழே இருக்கிறது. காற்று மேலே சுகமாகக் குடியிருக்கிறது. நிப்பிள் எப்போதும் காலிப்பரின் உச்சியில் இருக்க வேண்டும். பெட்டியில் எழுதியிருக்கும் இட வல அடையாளத்தை நம்பாமல் இதையே பாருங்கள்.

காற்று எடுத்தபின் பெடலைப் பலமாக அழுத்தி ஒரு நிமிடம் பிடித்து, எல்லா இணைப்புகளிலும் கசிவு பாருங்கள். அதன் பிறகு கைபிரேக் கேபிளைக் கையேட்டில் சொன்ன எண்ணிக்கைச் சொடுக்குகளில் பிடிக்கும்படி முடுக்குங்கள். லீவரை இறக்கியதும் சக்கரம் கையால் தடையின்றிச் சுற்ற வேண்டும். டிரம்மிலிருந்து மாறியவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு: சில பழைய வண்டிகளில் டிரம் பிரேக் குழாயில் சிறிதளவு அழுத்தத்தைத் தக்கவைக்கும் வால்வு இருக்கும். அதை எடுக்காவிட்டால் டிஸ்க் எப்போதும் உரசிக்கொண்டிருக்கும்.

பழக்குவதும் சோதிப்பதும்

கராஜை விட்டு வெளியே வருமுன் பெடலைச் சில முறை அழுத்துங்கள். முதல் அழுத்தத்தில் அது தரை வரை போகலாம். அதை வாசலில் தெரிந்துகொள்வதே நல்லது. பிறகு, புதிய பேடும் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று பழக, காலியான சாலையில் மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து 30 வரை, மிதமான அழுத்தத்தில், முழுதாக நிற்காமல் எட்டுப் பத்து முறை வேகத்தைக் குறையுங்கள். பின்னர் பிரேக்கைத் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கோடு நிறுத்திக் கைபிரேக்கை இழுத்தால் பேடின் தடம் டிஸ்க்கில் அச்சாகப் பதிந்துவிடும்.

கடைசியாகச் சமநிலைச் சோதனை. ஆள் நடமாட்டமற்ற, மூடிய, அகலமான ஈரத் தளத்தில் 40 கி.மீ. வேகத்திலிருந்து தொடங்குங்கள். நேர்கோட்டில் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். வெளியே நிற்கும் நண்பர் எந்தச் சக்கரம் முதலில் நிற்கிறது என்று பார்க்கட்டும். முன் சக்கரம் முதலில் நின்றால் காய்ந்த தளத்தில், இன்னும் சற்று அதிக வேகத்தில் அதையே செய்யுங்கள். காய்ந்த தளத்தில்தான் எடை அதிகமாக முன்னே சாய்ந்து பின் சக்கரம் லேசாகும். ஈரத்தில் தேறிய வண்டி அங்கே தோற்கலாம்.

பின் சக்கரம் முதலில் பூட்டினால், பின் குழாயில் சரிசெய்யக்கூடிய அழுத்தப் பகிர்வு வால்வு ஒன்றைச் சேர்க்கலாம். குறிப்பிட்ட அழுத்தம் வரை அது முன் பின் இரண்டையும் சமமாக விடும். அதற்குமேல் பின்பக்க அழுத்தம் ஏறும் வேகத்தைக் குறைக்கும். திருகு மாற்றுவது அந்தத் தொடக்கப் புள்ளியைத்தான். தொழிற்சாலை வால்வு இருந்தால் அதை நீக்கிவிட்டே இதைப் போட வேண்டும். ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு வால்வு வைத்தால் என்ன அழுத்தம் போகிறது என்பதை யாராலும் சொல்ல முடியாது. பின்பக்கத்துக்கு மிகக் குறைவாகப் போகும் நிலையில் தொடங்கி, கால் சுற்றுக் கால் சுற்றாகத் திறந்துகொண்டு வாருங்கள். ஒரு முன் சக்கரமும் எதிர்ப்பக்கப் பின் சக்கரமும் ஒரே குழாய்ச் சுற்றில் இணையும்படி குறுக்குவாட்டில் பிரிந்த பிரேக் சுற்று உள்ள வண்டிக்கு ஒரே வால்வு போதாது. ஏபிஎஸ் மூலமே முன் பின் விகிதத்தைப் பார்த்துக்கொள்ளும் புதிய வண்டியில் இந்த வால்வைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

நூறு கிலோமீட்டர் ஓடியபின் சக்கரத்தைக் கழற்றி, பிராக்கெட் போல்ட்டுகளையும் ஹோஸ் இணைப்பையும் மறுபடி பாருங்கள். இடப் பேடும் வலப் பேடும் ஒரே அளவு தேய்ந்திருக்கின்றனவா, டிஸ்க்கின் இரு முகமும் ஒரே சாம்பல் நிறத்தில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒரு முகம் மட்டும் துருவேறிக் கிடந்தால் காலிப்பரின் நகரும் ஊசி சிக்கியிருக்கிறது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்து, மீண்டும் சிலிகான் கிரீஸ் தடவிப் பொருத்துங்கள்.